கொசுறு இல்லாத ஊரில் ஆறு வாரம்

மயிலாடுதுறைப் பக்கம் பொறையாறு எனக்கு ஊர். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் மட்டும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் வந்து இறங்கியதிலிருந்து நோட்டில் அன்றன்று எழுதி, பிறகு சில வரிகள் சேர்த்தவை இவை. விசா கதை, சீட்டு வாங்கிய கதையெல்லாம் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, அது முதல் நாளே வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 21, புதன்

மதியம் வந்து சேர வேண்டியவள் மாலை ஆறரைக்குத்தான் ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கினேன். நடுவில் மாற வேண்டிய விமானம் போய்விட்டது. அடுத்ததில் என்னை ஏற்றினார்கள், பெட்டியை ஏற்றவில்லை. முதுகுப் பையில் சான்றிதழ்கள், மடிக்கணினி, ஒரு மாற்று உடை, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் மிச்சம் கொஞ்சம். அவ்வளவுதான்.

பேருந்தில் ஏறி நோட்டை நீட்டினேன். ஓட்டுநர் அதைத் தொடவே இல்லை. அட்டை வைக்கும் கருவியைக் காட்டினார். ஊரில் மாற்றி எடுத்து வந்த 2000 குரோனரில் பாதிக்கு மேல் இன்னும் அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறது.

விடுதியை அடைந்தபோது எட்டு மணி. சாவி கொடுக்கும் அலுவலகம் எப்போதோ மூடியிருந்தது. தாமதமாக வருகிறேன் என்று நான் அனுப்பிய அஞ்சலுக்குப் பதில் இல்லை. பதினான்கு டிகிரி, மெல்லிய தூறல், என்னிடம் ஸ்வெட்டர்கூட இல்லை. வாசல் படியில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி நான்கைந்து பேர் உள்ளே போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இரவு எட்டு மணிக்குப் படியில் உட்கார்ந்திருந்தால் எதிர்வீடு, பக்கத்துவீடு, கோடிவீடு மூன்றும் வந்து "யாரும்மா நீ, யார் வீட்டுக்கு வந்தே?" என்று கேட்டிருக்கும். அழுகை வந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவளும் போய்விடுவாளோ என்று எழுந்து நின்று நானே பேசினேன். சாவி இல்லை, பெட்டி வரவில்லை, எங்கே போவது என்று தெரியவில்லை என்றேன். முழுவதையும் கேட்டாள். "சரி" என்றாள். அப்புறம் நடந்ததெல்லாம் பத்தே நிமிடம். பொதுச் சமையலறை சோபாவில் போர்வையும் தலையணையும் வந்தன. துவைத்து மடித்த துண்டு ஒன்று, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று காகிதத்தில் ஒரு படம், காலையில் அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற தகவல். என் பெயரை அவள் கேட்கவில்லை. எந்த நாடு என்றும் கேட்கவில்லை. "குட் நைட்" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிச்சமிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் காலுறையோடு தூங்கினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாவி கிடைத்தது. நேற்றைய அதே தாழ்வாரத்திலேயே அறை. ஒரு தாழ்வாரத்துக்குப் பன்னிரண்டு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. போர்வை கொடுத்தவள் எனக்கு மூன்று கதவு தள்ளி இருக்கிறாள். வடக்கே உமெயோவைச் சேர்ந்தவள்.

அறையில் கட்டில், மேசை, நாற்காலி. விரிப்பு இல்லை. பழைய சாமான் கடையில் மெத்தை விரிப்பு 40 குரோனர், கெட்டியான கம்பளிச் சட்டை 80. ஒரு குரோனருக்கு எட்டு ரூபாய். முதல் வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் எட்டால் பெருக்கிக்கொண்டே இருந்தேன். தக்காளி கிலோ 300 ரூபாய். காபி ஒரு கோப்பை 300 ரூபாய். பெருக்குவதை நிறுத்தினால்தான் சாப்பிட முடியும் என்று புரிய நாளானது.

ஆகஸ்ட் 24, சனி

பெட்டி வந்துவிட்டது! வேன் ஓட்டி வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். குக்கர், ரசப்பொடி, பருப்புப்பொடி, புளி, மணத்தக்காளி வற்றல், கறிவேப்பிலைப் பொடி எல்லாம் பத்திரம். நெய்யை மட்டும் ஊரிலேயே எடுத்து வைத்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரக் கூடாது. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம். "பருப்புப்பொடிய எதுல பெசஞ்சு சாப்புடுவே?" என்று இன்றைக்கும் கேட்டாள். இங்கே உப்பில்லாத வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரசம் வைத்தேன். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டதுதான் தாமதம், மேலே இருந்த புகைக் கருவி அலறத் தொடங்கிவிட்டது. காதைக் கிழிக்கும் சத்தம். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எட்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாற்காலி மேல் ஏறித் துண்டால் வீசினான், ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள். மிளகாய் நெடியில் எல்லோருக்கும் இருமல். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக அறைக்குத் திரும்பினார்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வறுப்பதற்கு முன்னால் புகைபோக்கி விசிறியை மூன்றில் வைக்கவும், சமையலறைக் கதவைச் சாத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு சிரித்த முகம். பெயர் இல்லை.

எனக்கு நெஞ்சில் அடித்ததுபோல ஆகிவிட்டது. நேற்றே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாமே? பரவாயில்லை என்றவர்கள் இரவில் வந்து ஒட்டிவிட்டுப் போவானேன்? இரண்டு நாள் அவித்த முட்டையும் ரொட்டியும்தான் சாப்பிட்டேன்.

கடைசியில் உமெயோ பெண்ணிடமே கேட்டேன், என் மேல் கோபமா என்று. அவள் உண்மையிலேயே திகைத்துப் போனாள். அந்தச் சீட்டை எழுதியதே அவள்தான். உன்னை நிற்க வைத்துச் சொன்னால் உனக்குச் சங்கடமாக இருக்கும், சீட்டில் எழுதினால் நீயாக வேண்டியபோது படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்றாள். பிறகு விசிறியைப் போட்டுக் காட்டினாள். மூன்றில் வைத்தால் ஒரு காகிதத் துணுக்கைக்கூட இழுத்துப் பிடிக்கிறது.

"அப்போ நான் தினமும் தாளிக்கலாமா?" என்று கேட்டேன். "ஷ்ஷ்ப்" என்று மூச்சை உள்ளே இழுத்தாள். ஏதோ வலிக்கிறது போல என்று பதறிவிட்டேன். வட ஸ்வீடனில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்லாம். உதட்டைக் குவித்து ஒரு சிறு மூச்சு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இந்த ஊரின் குணம் முழுக்க ஒரு பலகையில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறை வாசலில் தொங்கும் பலகை அது.

இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஐந்து துளைகள்: காலை ஏழிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று என்று மும்மூன்று மணி நேரமாக இரவு பத்து வரை. ஒவ்வொரு அறைக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைப் பூட்டு, தலையில் அறை எண் பொறித்திருக்கும். வேண்டிய நாளில் வேண்டிய துளையில் பூட்டைச் செருகித் திருகிச் சாவியை எடுத்துக்கொண்டால் அந்த மூன்று மணி நேரமும் இரண்டு சலவை இயந்திரங்களும் உலர்த்தும் அலமாரியும் நம்முடையவை. வேறு யாரும் அந்தப் பூட்டைக் கழற்ற முடியாது. ஒரு சமயத்தில் ஒரே துளையில்தான் வைக்க முடியும் என்பதால் வாரம் முழுவதையும் ஒருவரே வளைத்துப் போடவும் முடியாது.

நான் வரிசையை மாற்றிப் படித்துவிட்டேன். இருபத்தொன்பதுக்குப் பதில் முப்பதில் என் பூட்டு. துணி பாதி சுற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் கூடையோடு வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. இயந்திரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும். "இது என் நேரமாக இருக்குமோ என்று நினைக்கிறேன்" என்றார், அவ்வளவு மெதுவாக. நான் பலகையிடம் போய்ப் பார்த்தேன். அவர் நேரம்தான்.

துணியை நிறுத்தி எடுக்கப் போனேன். வேண்டாம், இது முடியட்டும், இன்னொரு இயந்திரம் எனக்குப் போதும் என்றார். பலகையை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தர முடியுமா என்று கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கால்மணி நேரம் நின்று விளக்கினார். உலர்த்தும் அலமாரியில் பருத்தியை எந்தக் கம்பியில் போடுவது, பஞ்சு வடிகட்டியைத் துடைக்காமல் போனால் அடுத்தவர் எப்படி வருந்துவார், அரைமணி நேரம் தாண்டியும் வராவிட்டால் அந்த இடம் யாருக்கு என்பதுவரை. இந்த மனிதர்களுக்குப் பேச ஆசை இல்லை என்று நான் எண்ணியது தவறு. முதல் சொல் நம்முடையதாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

செப்டம்பர் 2, திங்கள்

வகுப்புத் தொடங்கியது. அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் பத்தேகாலுக்குத்தான் ஆசிரியர் வாய் திறப்பார். கல்விக் கால்மணி என்று இதற்குப் பெயர். நான் ஒன்பது ஐம்பதுக்கே போய் வெற்று அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. இங்கேயும் ஒரு காலத்தில் பட்டத்தையும் பதவியையும் சேர்த்துத்தான் அழைத்தார்களாம். 1960-களின் கடைசியில் ஊரே சேர்ந்து "நீ"க்கு மாறிவிட்டது. 1967-இல் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் சுகாதாரத் துறையின் தலைவராகப் பதவியேற்றபோது, ஊழியர் அனைவரையும் இனி "நீ" என்றே அழைப்பேன் என்று அறிவித்ததை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று தடவை முயன்றேன். பெயர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நான்காம் தடவை "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்கினேன். அவருக்கு அதுவும் போதும்.

மதியம் சாப்பாட்டு இடத்தில் சுவர் நெடுகச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்புகள் வரிசையாக இருக்கின்றன. மாணவர், ஆய்வாளர், பேராசிரியர் எல்லோரும் டிபன் டப்பாவோடு வரிசையில் நிற்கிறார்கள். வெளியே ஒரு வேளைச் சாப்பாடு 120 குரோனர் ஆகும் ஊரில் டப்பாதான் காப்பாற்றுகிறது. மூன்று மணிக்கு ஃபீகா. காபி, கூடவே ரொட்டி வகை ஏதாவது. வேலையை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து வர வேண்டும், அறையிலேயே உட்கார்ந்து குடித்தால் அது ஃபீகா ஆகாது. முதல் கடியில் எனக்குக் கண் விரிந்துவிட்டது: ஏலக்காய்! ஒன்றிரண்டாகத் தட்டிய ஏலக்காய், பொங்கலன்று பாகில் போடுகிற அதே வாசனை. இந்தக் குளிரில் அது எதிர்பாராத இடத்தில் எதிர்ப்பட்ட உறவுக்காரர் மாதிரி இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

சைக்கிள் வாங்கினேன், பழையது, 900 குரோனர். இங்கே பல சைக்கிள்களில் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். ஊரில் மிதிகட்டையைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டே போகிற பழக்கம் எனக்கு. ஃபீரிஸ் ஆற்றுப் பாலத்தில் அப்படிச் சுற்றினேன். சக்கரம் பட்டென்று நின்று நான் கல்தரையில் விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, சுடிதார் கிழிசல்.

மருந்துக் கடையில் வரிசைச் சீட்டு எண் 64. சுவரில் 57. ரத்தம் கசியக் கசிய ஏழு பேருக்கும் பின்னால் நின்றேன். முன்னால் நின்ற அம்மாவிடம் கேட்டதும் அவர் எண்ணை என் கையில் வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தாய்லாந்துக் கடையில் அரிசி மாவு வாங்கி, உறைந்த தேங்காய்த் துருவலில் பூரணம் செய்து கொழுக்கட்டை பிடித்தேன். விசிறி மூன்றில், கதவு சாத்தி. மொத்தம் இருபத்தொன்று. மேசையில் வைத்து, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். மாலைக்குள் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் சீட்டின் அடியில் ஐந்து விதமான கையெழுத்தில் "தக்", "தக்", "தக்". நன்றி என்று அர்த்தம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மயிலாடுதுறை மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கி முடித்ததும் கடைக்காரம்மா தானாகவே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பையில் திணிப்பார். கொசுறு. அதற்கு யாரும் காசு கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஆசியக் கடையில் கறிவேப்பிலை கண்ணில் பட்டது. சிறிய பிளாஸ்டிக் உறை, ஏழெட்டு ஈர்க்கு, ஓரங்கள் கறுத்து. 25 குரோனர். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு வாங்கினேன். சைக்கிளை நிறுத்தி உறையைப் பிரித்து முகர்ந்தேன். வாசனை பாதிதான் இருந்தது. பாதியாவது இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்று உப்சாலாவின் கலாச்சார இரவு. ஆண்டுதோறும் செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை. தெருவெல்லாம் பாட்டு, கூட்டம். எதையும் விடக் கூடாது என்று சுற்றிக் கால் வீங்கிப் போனது. இன்றைக்குத் தனியாக, நிதானமாக, செடிகளுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் தோட்டத்துக்குப் போனேன். நான் இந்த ஊரைக் கேட்டு வாங்கியதே இதற்காகத்தான்.

தோட்டத்தை 1655-இல் தொடங்கியவர் ஊலொஃப் ரூட்பெக். ஸ்வீடனின் முதல் தாவரவியல் தோட்டம் இது. 1741-இல் பேராசிரியராக வந்த கார்ல் லின்னேயஸ், பாழடைந்து கிடந்ததை மீட்டு, தன் வகைப்பாட்டின்படி பாத்தி பாத்தியாக நட்டார். இன்றும் அந்த ஒழுங்கில்தான் செடிகள் நிற்கின்றன. பின்னால் கம்பங்களின் உச்சியில் சின்னஞ்சிறு மரவீடுகள். அவர் வளர்த்த குரங்குகளுக்கு.

மழை விட்டிருந்தது. பெட்டி மாதிரி வெட்டிய வேலி, நடுவே சரளைப் பாதை, பாத்திதோறும் ஒரு பெயர்ப்பலகை. கடலில் போகிறவர்களிடமெல்லாம் விதை கேட்டு, இலை கேட்டுக் கடிதம் எழுதியவர் அவர். அப்படி ஒரு மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் பகுதியில் பிறந்து, உப்சாலாவில் இவரிடம் படித்து, 1760-களின் கடைசியில் டேனிஷ்காரர்களின் குடியிருப்புக்கு மருத்துவராகப் போனார். எந்தக் குடியிருப்பு என்றால், தரங்கம்பாடி! எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். 1620-இல் கட்டிய டேனிஷ் கோட்டையின் மதில் மேல் உட்கார்ந்து நான் பள்ளித் தோழிகளோடு வேர்க்கடலை தின்ற இடம். கோனிக் அந்தக் கரையிலிருந்து செடிகளையும் குறிப்புகளையும் இந்த ஊருக்கு அனுப்பினார். பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கம்பெனியிடமும் வேலை பார்த்து, 1785-இல் ஆந்திரக் கரையில் இறந்தார். ஊர் திரும்பவே இல்லை.

கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் பெர்கேரா கோனிகியை. அந்த மாணவரின் பெயர். பிறகு அதை முர்ரயா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், முர்ரயா கோனிகியை என்றுதான் நான் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். முர்ரே என்பவரும் லின்னேயஸின் மாணவர். இப்போது மறுபடி பெர்கேராவுக்கே திரும்பியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு இந்தப் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதியிருக்கிறேன். அது ஒரு ஆளின் பெயர் என்றோ, அந்த ஆள் எங்கள் கடற்கரை மணலில் குனிந்து செடி பறித்தவர் என்றோ ஒருநாளும் நினைத்ததில்லை.

புளியும் அப்படித்தான். டாமரின்டஸ் இண்டிகா என்று எழுதி, பின்னால் ஒற்றை எழுத்தாக ஒரு "எல்" போடுவோம். 1753-இல் அவர் வைத்த பெயர்.

தோட்டத்தை ஒட்டிய லின்னேயஸின் வீட்டுப் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிய தோட்டம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஓடிப்போய் யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்சம் நேரம் பேச்சில்லை. "நம்ம கொல்லையில நிக்குதே, அந்தக் கறிவேப்பிலையா?" என்றாள்.

செப்டம்பர் 21, சனி

ஊரின் மேற்கே ஹோகாதாலென்-நோஸ்தென் காப்புக்காடு. சைக்கிளில் கால்மணி நேரம். இந்த நாட்டில் காட்டில் யாரும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. சேதப்படுத்தாமல், வீட்டுப் பக்கம் நெருங்காமல் இருந்தால் போதும். எல்லோருக்குமான உரிமை என்று அதற்குப் பெயர்.

ஊரில் இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். இங்கே பாசி மெத்தைக்குள்ளிருந்து மஞ்சள் தெரிகிறதா என்று தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பதினோரு காளான் கிடைத்தது. படித்த படிப்பு கைகொடுத்தாலும், தின்கிற காளானில் புத்தகத்தை மட்டும் நம்ப எனக்குத் துணிவு இல்லை.

எதிரே ஒரு தாத்தா வந்தார். கையில் மூங்கில் கூடை, இடுப்பில் நுனியில் தூரிகை வைத்த சின்னக் கத்தி. என்னைப் பார்த்ததும் கூடையை லேசாக மறுபக்கம் மாற்றிக்கொண்டார். காளான் கிடைக்கும் இடத்தை இவர்கள் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சுலபத்தில் காட்டமாட்டார்கள் என்று கேள்வி. நான் இடத்தைக் கேட்கவில்லை. என் பையைத் திறந்து, "இவற்றைப் பார்த்துச் சொல்வீர்களா?" என்றேன்.

மரக்கட்டையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். குடையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். தின்னக்கூடிய அந்த மஞ்சள் காளானுக்குக் கன்டரெல் என்று பெயர்; அதன் அடியில் இருப்பது தனி மடல் இல்லை. சதையே மடிந்து மடிந்து வரப்பாக எழும்பி, கிளை பிரிந்து, காம்பு வரை வழிந்து இறங்குகிறது. நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வராது. முகர்ந்தால் ஏப்ரிகாட் பழ வாசனை. மூன்றைத் தள்ளி வைத்தார். அவை நிறத்தில் கொஞ்சம் தூக்கலான ஆரஞ்சு, அடியில் மெல்லிய மடல்கள், நகம் பட்டதும் பெயர்ந்தன. போலிக் கன்டரெல். கொல்லாது, ஆனால் தின்னவும் வேண்டாம் என்றார்.

அப்புறம் எழுந்து பத்தடி நடந்து, பாசிக்குள் நின்ற ஒன்றைக் குச்சியால் சுட்டினார். துருப்பிடித்த இரும்பின் நிறம், உச்சி கூம்பு. இரண்டு கைகளையும் பின்னிடுப்பில் வைத்துத் தட்டிக் காட்டினார்: சிறுநீரகம். தின்றால் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் சிறுநீரகம் போய்விடும் என்றார். "இதன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று நான் பார்த்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். பிறகு தலையசைத்துவிட்டு அவர் வழியே போனார். பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எட்டு காளானையும் வெண்ணெயில் வதக்கிப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டேன். அந்த 25 குரோனர் கறிவேப்பிலையில் கடைசி ஈர்க்கும் அதில்தான் போனது.

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பகல் சுருங்குகிறது. நான் வந்த அன்று எட்டேகாலுக்கு மேல் மறைந்த சூரியன் இப்போது ஆறரை தாண்டியதும் போய்விடுகிறது. நாலு நாளாக விடாத மழை. துணி காயவில்லை, தேர்வு நெருங்குகிறது, தொண்டை கட்டியிருக்கிறது. இன்று முழுக்க ஒரு மனிதரோடும் பேசவில்லை. வீட்டு நினைப்பு தாங்க முடியவில்லை.

இரவு பத்து மணி. பக்கத்து ஃப்ளோக்ஸ்டா மாணவர் குடியிருப்பில் ஜன்னலைத் திறந்து எல்லோரும் கத்துவார்கள். தினமும், சரியாகப் பத்துக்கு. முதல் வாரம் கேட்டபோது ஏதோ விபத்து என்று பயந்து எழுந்தேன். இன்று என் ஜன்னலையும் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. அடிவயிற்றிலிருந்து "அம்மா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் இருட்டில் யாரோ ஒருவர் இன்னும் உரக்கப் பதிலுக்குக் கத்தினார். மூடிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று இலவங்கப்பட்டை பன் நாள். 1999-இலிருந்து அக்டோபர் 4-ஐ இதற்கென்று கொண்டாடுகிறார்கள். துறையில் ஆளுக்கு ஒன்று. இந்தத் தடவை பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்துச் சர்க்கரைக் கிண்ணத்தைக் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

வரும் வழியில் இடக்கைக் கையுறை எங்கோ விழுந்துவிட்டது. பழைய சாமான் கடையில் 30 குரோனருக்கு வாங்கிய சாம்பல் நிறக் கம்பளி. இருட்டில் ஆற்றங்கரையில் இரண்டு தடவை திரும்பிப் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

முதல் உறைபனி. சைக்கிள் இருக்கையில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளை. இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை அடையாளம் வைத்து ஆற்றோரம் போனேன். எனக்கு இன்னும் வழி தெரிவது அந்தக் கோபுரங்களை வைத்துத்தான்.

பாலத்துக்கு முன்னால் வேலிக் கம்பத்தின் உச்சியில் என் கையுறை. யாரோ தரையிலிருந்து எடுத்து, சேற்றை உதறி, ஐந்து விரலும் விரிந்து நிற்கும்படி கம்பத்தில் மாட்டியிருந்தார்கள், போகிறவர் கண்ணுக்கு நேராக. விரல் நுனிகளில் பனி படிந்து விறைத்திருந்தது. தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். உள்ளே ஈரம். நூலகம் போய்ச் சேரும் வரை அந்தக் கை மட்டும் சில்லிட்டுக்கொண்டே இருந்தது.